பத்து மில்லி எண்ணெய்

ஆகஸ்ட் 1

மதிப்பிற்குரிய டெய்லரம்மா அவர்களுக்கு,

வணக்கம். தெருவில் எல்லோரும் உங்களை இப்படித்தான் கூப்பிடுகிறார்கள் என்று என் மகள் சொன்னாள். நானும் அப்படியே கூப்பிட்டுவிடுகிறேன். என் முன்னாள் கணவரின் இந்நாள் மனைவியை வேறு எப்படிக் கூப்பிடுவது என்று எந்தப் பள்ளிக்கூடத்திலும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனை எடுத்தால் வாலுவின் காதும் கூடவே ஒட்டிக்கொண்டு வரும். ஒன்பது வயதுதான், ஆனால் நாம் பாதி சொன்னால் மீதியை அவளே முடித்துவிடுவாள். அதனால் எழுதுகிறேன். நீங்களும் எழுதினால் போதும்.

நான் சேர்ந்திருக்கும் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் தங்குவதற்கு ஒரு அறை, அதில் இரண்டு கட்டில், இன்னொரு கட்டிலில் இன்னொருத்தி. பிள்ளைகளுக்கு அனுமதி இல்லை. எட்டு மாதத்தில் இரண்டு அறை குவார்ட்டர்ஸ் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதுவரைக்கும்தான் அவள் அவளுடைய அப்பா வீட்டில். 'அதுவரைக்கும்தான்' என்பதை அடிக்கோடு போட்டுப் படிக்கவும்.

படிப்பு, சாப்பாடு எல்லாம் அவள் அப்பாவுக்குத் தெரியும். அவருக்குத் தெரியாதது அவள் தலைமுடி. ஆறு வருஷம் பார்த்துவிட்டேன், அந்த மனிதருக்குச் சீப்பைப் பிடிக்கும் பக்கம் எது என்றே தெரியாது. அவளுக்கு என்னுடைய முடி. சுருள் சுருளாக, அடர்த்தியாக இருக்கும். காய்ந்த தலையில் சீப்பை வைத்தால் ஊரைக் கூட்டுவாள்.

அவளோடு அனுப்பும் பெட்டியில் ஆறு பாட்டில் இருக்கின்றன. பாதாம் எண்ணெயும் விளக்கெண்ணெயும் நானே அளந்து கலந்தது. ஒவ்வொன்றும் இருநூறு மில்லி. ஒன்று முதல் ஆறு வரை எண் போட்டிருக்கிறேன். ஒரு நாள் விட்டு ஒரு நாள், பத்து மில்லி. கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். இருமல் மருந்துக்குக் கொடுக்கிற அளவுக் கோப்பை ஒன்றும் வைத்திருக்கிறேன். பாட்டிலின் பக்கத்தில் நீளமாகக் காகிதப் பட்டை ஒட்டி இருபது கோடு போட்டிருக்கிறேன். ஒரு வேளைக்கு எண்ணெய் ஒரு கோடு இறங்கும். இறங்கிய கோட்டுக்கு எதிரே வாலு தேதி எழுதுவாள். அது அவளுடைய வேலை, நீங்கள் எழுத வேண்டாம்.

ஒரு பாட்டிலுக்கு நாற்பது நாள். ஆறாவது பாட்டில் காலியாகிற அன்று அம்மா வந்து கூட்டிப்போவேன் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். இது எங்கள் இருவருக்குள் இருக்கும் காலண்டர். உங்களுக்கும் தெரிந்திருக்கட்டும்.

இப்படிக்கு,
வாலுவின் அம்மா


ஆகஸ்ட் 30

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. தோள் பதினாலு, இடுப்பு முப்பது என்று அளவு எழுதித்தான் பழக்கம். தப்பு இருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள்.

வாலு நன்றாக இருக்கிறாள். பள்ளிக்கூடம் பிடித்திருக்கிறது. முதல் வாரம் என்னோடு பேசவே இல்லை. இரண்டாவது வாரம் ஊசிப் பெட்டியைத் திறந்து பார்த்தாள். இப்போது நான் தைக்கும்போது பெடலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து துண்டுத் துணி பொறுக்குகிறாள்.

நீங்கள் கோபித்துக்கொள்ளக்கூடாது. முதல் பாட்டில் 27ஆம் தேதியே தீர்ந்துவிட்டது. நான் கோப்பையில் அளந்து பத்துதான் வைத்தேன். அந்தப் பக்கம் திரும்பினால் இவள் இன்னொரு கோப்பை ஊற்றித் தலையில் தேய்த்துக்கொள்கிறாள். எண்ணெய் காது வழியாக இறங்கிச் சட்டைக் காலருக்கு வந்துவிடுகிறது. நெற்றியில் சின்னச் சின்னப் பருக்கள். கணக்கு நோட்டில் நாலு பக்கம் கண்ணாடி மாதிரி ஆகி, பின்பக்கத்துக் கணக்கு முன்பக்கம் தெரிகிறது என்று டீச்சர் எழுதி அனுப்பிவிட்டார்கள்.

அளவைக் கொஞ்சம் குறைக்கலாமா? ஐந்து மில்லி போதும் என்று என் கைக்குத் தோன்றுகிறது. உங்களைக் கேட்காமல் செய்ய மாட்டேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நான் கல்யாண உடைக் கடைக்கு வெள்ளை கவுன் தைக்கிறேன். விரல் நகத்தில் இத்தனூண்டு எண்ணெய் இருந்தாலும் துணி போச்சு. அதனால் எண்ணெய் வைக்கும்போது பிளாஸ்டிக் கையுறை போட்டுக்கொள்கிறேன். அவள் உங்களிடம் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன்.

அன்புடன்,
தையல்காரி


செப்டம்பர் 6

டெய்லரம்மா அவர்களுக்கு,

கடிதம் வந்தது. முதலில் ஒரு விஷயம். என்னை அக்கா என்று கூப்பிட வேண்டாம். எனக்குக் கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லை. இந்த வயதில், அதுவும் இந்த வழியில் ஒருத்தி வந்து சேர வேண்டிய அவசியமும் இல்லை.

அவள் ஏன் எண்ணெயை அள்ளிக் கொட்டிக்கொள்கிறாள் என்று உங்களுக்குப் புரியவில்லையா? பாட்டில் சீக்கிரம் தீர்ந்தால் அம்மா சீக்கிரம் வருவாள் என்றுதான். மருந்தகத்தில் மாத்திரை எண்ணிக்கொண்டிருக்கும்போது உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு, நூற்று இருபதை நூற்று முப்பது என்று எண்ணினேன். பக்கத்தில் இருந்தவள், "என்ன, நல்ல சேதியா?" என்று கேட்டாள். "என் பொண்ணு என்கிட்ட வர அவசரப்படுறா" என்று சொன்னேன். உங்கள் வீட்டில் உங்கள் கண் முன்னால் அவள் எனக்காகத் தலையில் எண்ணெய் ஊற்றிக்கொண்டு நிற்கிறாள் என்பதை நினைக்க நினைக்க எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இது நல்ல குணம் இல்லைதான். என்ன செய்ய.

ஊற்றிக்கொள்ள வேண்டாம் என்று போனில் அவளிடம் சொல்லிவிட்டேன். பாட்டில் சீக்கிரம் தீர்ந்தாலும் குவார்ட்டர்ஸ் சீக்கிரம் வராது. ஆனால் அளவைக் குறைக்கச் சொல்ல மாட்டேன். பதினோரு வருஷமாக அளவு பார்ப்பதுதான் என் பிழைப்பு. பத்து என்றால் பத்து.

கையுறை விஷயம் அவள் முன்பே சொல்லிவிட்டாள். "டெய்லரம்மா எண்ணெய் வைச்சா காதுகிட்ட சரக் சரக்னு சத்தம் கேக்கும்மா" என்றாள். பிளாஸ்டிக் கையுறை முடியில் சிக்கும். இதோடு ஆஸ்பத்திரிக் கையுறை ஒரு பெட்டி அனுப்புகிறேன். மெல்லிய ரப்பர். சிக்காது, சத்தமும் போடாது. தாராளமாகப் பயன்படுத்துங்கள்.

இப்படிக்கு,
வாலுவின் அம்மா


அக்டோபர் 12

அன்புள்ள அக்காவுக்கு,

அப்படிக் கூப்பிட வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். வேறு மாதிரி எழுதிப் பார்த்தேன். 'அன்புள்ள மேடம்' என்று போட்டால் துணி அளவு சரியில்லை என்று கடைக்காரருக்கு எழுதுவது போல இருக்கிறது. என்னைவிட எட்டு வயது மூத்தவர் நீங்கள். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது பாட்டில் சரியாக நாற்பது நாளில், 6ஆம் தேதி தீர்ந்தது. கையுறை நன்றாக இருக்கிறது, நன்றி. முடி சிக்குவதில்லை.

சுருள் முடியை எப்படிக் கையாள்வது என்று எனக்குத் தெரியாது. என்னுடைய முடி எலி வால். இரண்டு இழுப்பில் பின்னல் முடிந்துவிடும். முதலில் அவளைப் படாத பாடு படுத்திவிட்டேன். இப்போது தெரிந்துகொண்டேன். முடியை லேசாக ஈரமாக்கிவிட்டு, அகலப் பல் சீப்பால் நுனியில் ஆரம்பித்து மேலே வர வேண்டும். பட்டு நூல் சிக்கினால் அப்படித்தான் எடுப்போம். மேலிருந்து இழுத்தால் முடிச்சுதான் இறுகும்.

ஒன்று சொல்கிறேன், நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை. போன வாரம் நான் அவளுக்குச் சீவிக்கொண்டிருந்தபோது இவர் குளித்துவிட்டு அந்தப் பக்கமாகப் போனார். நின்றார். "அப்படியே அவ முடி" என்றார். அவ்வளவுதான், போய்விட்டார். அவர் மனசில் ஒன்றும் இல்லை, எனக்குத் தெரியும். ஆனால் என் கையில் இருந்த சீப்பு என்னை அறியாமல் ஒரு இழுப்பு அழுத்தமாகப் போய்விட்டது. வாலு "ஆ, வலிக்குது" என்றாள். அன்றைக்கு முழுவதும் எனக்கு மனசே சரியில்லை.

உங்கள் போட்டோ ஒன்றுகூட இந்த வீட்டில் இல்லை. நான் வருவதற்கு முன்பே எடுத்து வைத்துவிட்டார்கள். ஆனால் ஒரு நாள் விட்டு ஒரு நாள், காலையில் எழுந்ததும் உங்கள் தலையைத்தான் நான் மடியில் வைத்துக்கொண்டு சீவுகிறேன் அக்கா. உங்கள் எண்ணெயின் வாசனை தலையணையில் இருக்கிறது, சோபாவில் இருக்கிறது, அவர் தோளில்கூட இருக்கிறது, அவள் சாய்ந்துகொள்வதால். வீடு முழுக்க நீங்கள் இருக்கிறீர்கள். நான் கையுறையோடு நடுவில் நிற்கிறேன்.

எழுதிவிட்டேன். கிழித்துப் போட மனசு வரவில்லை. அனுப்புகிறேன்.

அன்புடன்,
தையல்காரி


நவம்பர் 20

டெய்லரம்மாவுக்கு,

'உங்கள் தலையைத்தான் மடியில் வைத்துக்கொண்டு' என்று எழுதியிருந்தீர்களே, அந்த வரியை நாலு தடவை படித்தேன். ஐந்தாவது தடவை, என்னோடு அறையில் இருப்பவளுக்கு வாசித்துக் காட்டினேன். அவள், "பாவம்டி" என்றாள். யாரைப் பாவம் என்றாள் என்று நான் கேட்கவில்லை.

அந்தச் சந்தோஷம் ஐந்து வாரம்தான் நீடித்தது. உங்கள் வீட்டுக்காரர் பள்ளிக்கூட விழாப் படம் அனுப்பியிருந்தார். வாலு மேடையில் நிற்கிறாள். முடி இரண்டு பக்கமும் கோபுரம் மாதிரி எழும்பி, நடுவில் கோணாமல் வகிடு, சுருள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிகிறது. நான் சீவிய காலத்தில் அவள் தலை அப்படி இருந்ததில்லை. காலை ஏழு மணி டியூட்டிக்கு ஓடுகிறவள் இழுத்து ஒரு பின்னல் போட்டு அனுப்புவேன். மருந்தகத்தில் எல்லோரும் படத்தை வாங்கிப் பார்த்தார்கள். "என்ன அழகா சீவியிருக்கு, யாரு?" என்று கேட்டார்கள். "நான்தான் எழுதிக் கொடுத்தேன், அப்படியே செய்யறாங்க" என்று சொல்லிவிட்டுப் போய்க் குளிர்பதன அறையில் கொஞ்ச நேரம் நின்றேன். வயிறு எரிகிறது என்று சும்மா சொல்வதில்லை, நிஜமாகவே எரிகிறது. அதற்கு எங்கள் அலமாரியில் மருந்து இல்லை.

அடுத்தது. நேற்று போனில் பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் அவள் யாரையோ, "ம்மா, என் நீல ரிப்பன் எங்க?" என்று கேட்டாள். நான் இங்கிருந்து, "எனக்கு எப்படிடா தெரியும்?" என்றேன். "உன்னை இல்லம்மா" என்றாள்.

டெய்லரம்மா என்பதில் அவசரத்துக்கு முன்பாதி விழுந்துவிடுகிறது, அவ்வளவுதான் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். ஆனால் விழுகிற பாதி அதுதானா விழ வேண்டும்? அவளைக் கொஞ்சம் முழுசாகக் கூப்பிடச் சொல்லுங்கள்.

மூன்றாவது பாட்டில் 15ஆம் தேதி தீர்ந்திருக்க வேண்டும். தீர்ந்ததா?

வாலுவின் அம்மா


டிசம்பர் 2

அன்புள்ள அக்காவுக்கு,

மூன்றாவது பாட்டில் 15ஆம் தேதி தீர்ந்தது. நான்காவது திறந்தாயிற்று. வாலு நலம். கையுறை இன்னும் பாதிப் பெட்டி இருக்கிறது.

அவள் என்னை என்னவென்று கூப்பிட வேண்டும் என்று நான் சொல்லிக் கொடுக்கவில்லை. அதனால் திருத்தவும் மாட்டேன்.

தையல்காரி


பிப்ரவரி 10

டெய்லரம்மா,

இனிமேல் நீங்கள், வாங்கள் என்றெல்லாம் எழுதிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை இல்லை. நேராகக் கேட்கிறேன். என் எண்ணெயை நீ என்ன செய்கிறாய்?

என் கணக்குப்படி ஐந்தாவது பாட்டில் 3ஆம் தேதி தீர்ந்து இப்போது ஆறாவது ஓடிக்கொண்டிருக்க வேண்டும். மூன்று வாரமாக வாலுவிடம் பாட்டில் பேச்சை எடுத்தால் பூனைக்குட்டி, பரீட்சை, பல் ஆடுகிறது என்று வேறு பேச்சுக்குத் தாவுகிறாள். நேற்று விடாமல் பிடித்துக் கேட்டேன். ஐந்தாவது பாட்டில் இன்னும் பாதிகூட ஆகவில்லையாம். "ஏன்?" என்றால், "தெரியலம்மா" என்கிறாள். குரலே சரியில்லை. என் பெண்ணுக்குத் தெரியாத ஒன்று என்றால் அது நீ செய்ததாகத்தான் இருக்கும்.

எனக்குப் புரிகிறது. பாட்டில் தீராவிட்டால் அவள் போக மாட்டாள் என்று யாரோ கெட்டிக்காரத்தனமாக யோசித்திருக்கிறார்கள். பிள்ளையின் தலையைக் காயப்போட்டு என் நாட்களைத் திருடுகிறாய். நான் அவளைப் பெற்றவள். அந்த முடியின் ஒவ்வொரு சுருளும் என் வயிற்றில் சுருண்டது. நீ நாலு மாதம் நன்றாக வகிடு எடுத்துவிட்டால் அது உன் தலை ஆகிவிடுமா?

நான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறவள். வெள்ளைத் துணிதான் உன் தொழில், மனசு எப்படி என்று இப்போது தெரிகிறது. அந்த ஐந்தாவது பாட்டிலை அப்படியே, மூடி திறக்காமல் எனக்கு அனுப்பு. கோடுகளை நான் பார்க்க வேண்டும். சாட்சிக்கு அவள் கையெழுத்து இருக்கிறது.

வாலுவின் அம்மா


பிப்ரவரி 24

அன்புள்ள அக்காவுக்கு,

பாட்டிலைத் துணி சுற்றி இதோடு அனுப்பியிருக்கிறேன். பார்ப்பதற்கு முன்னால் கடிதத்தை முழுசாகப் படித்துவிடுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

நீங்கள் திருடி என்று எழுதியதில் பாதி உண்மை. முதலில் குறைத்தவள் நான்தான். நான்காவது பாட்டிலில், டிசம்பரில். ஆறாவது பாட்டில் அலமாரியில் நிற்பது கண்ணில் படக்கூடாது என்று அதன் முன்னால் நூல் டப்பாவை நகர்த்தி வைப்பேன். பத்துக்குப் பதில் ஐந்து மில்லி ஊற்றினேன். நான்காவது பாட்டில் ஜனவரி 10 வரைக்கும் வந்தது. உங்களிடமிருந்து பதினாறு நாள் எடுத்துக்கொண்டேன். ஐந்து வைத்த நாளெல்லாம் அவள் முடி அதுவரை இல்லாத அளவுக்கு நன்றாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நெற்றிப் பருக்களும் போய்விட்டன. ஐந்துதான் சரியான அளவு அக்கா.

ஆனால் திருடுவது என் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஐந்தாவது பாட்டில் திறந்த அன்று, ஜனவரி 11, மறுபடி பத்துக்கே போய்விட்டேன். வாலு கோப்பையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் தெரிந்தே இருந்திருக்கிறது.

அதற்குப் பிறகு நான் பாட்டிலைச் சரியாகப் பார்க்கவில்லை. கடைக்கு எட்டு கவுன் கொடுக்க வேண்டியிருந்தது, தலைக்கு மேல் வேலை. உங்கள் கடிதம் வந்த பிறகுதான் எடுத்துப் பார்த்தேன். கோடு இறங்கவே இல்லை. நான் ஒவ்வொரு முறையும் பத்து ஊற்றியிருக்கிறேன், எப்படி இறங்காமல் இருக்கும்?

போன சனிக்கிழமை மத்தியானம் சமையலறையில் ஸ்டூல் இழுக்கும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். வாலு ஸ்டூல் மேல் ஏறி நின்று, பொரிப்பதற்கு வைத்திருந்த சூரியகாந்தி எண்ணெயை உங்கள் அளவுக் கோப்பையில் பத்து வரைக்கும் ஊற்றி, அதை ஐந்தாவது பாட்டிலில் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. உங்கள் பெண்தானே.

என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். நான் இறக்கி உட்கார வைத்துக் கேட்டேன்.

"தீந்துபோச்சுன்னா அம்மா வந்துடுவாங்கல்ல" என்றாள்.

"வந்தா நல்லதுதானே" என்றேன்.

"வந்தா நல்லதுதான். ஆனா போகணும்ல." கோப்பையை என் கையில் கொடுத்துவிட்டு, "அம்மாகிட்ட சொல்லாதீங்க. அம்மா அழுதா யாருக்கும் தெரியாது, தனியா போய் அழும்" என்றாள்.

சொல்ல மாட்டேன் என்று அவளுக்குச் சத்தியம் செய்து கொடுத்தேன். இப்போது அதை மீறிக்கொண்டிருக்கிறேன். பாட்டில் உடைந்துவிட்டது என்று உங்களுக்கு எழுதியிருக்கலாம். இரண்டு நாள் அதைத்தான் யோசித்தேன். நீங்கள் என்னைத் திருடி என்றே நினைத்துக்கொண்டிருந்தால் உங்களுக்கு வலி குறைவாக இருக்குமோ என்றும் நினைத்தேன். ஆனால் கோடுகளைப் பார்க்க வேண்டும் என்று கேட்டது நீங்கள்.

அவள் உங்களை மறந்துவிட்டாள் என்று நினைத்துவிடாதீர்கள். காலியான நாலு பாட்டில்களையும் ஜன்னலில் வரிசையாக வைத்திருக்கிறாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஒவ்வொன்றாக மூடியைத் திறந்து மோந்து பார்க்கிறாள். நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு. எனக்கு அதைப் பார்க்கும்போது என்ன செய்யும் என்று நீங்கள் ஒருத்திதான் புரிந்துகொள்ள முடியும்.

நீங்கள் வந்தால் அவளைத் தயார் செய்து அனுப்பி வைப்பேன். ஒரு வார்த்தை குறுக்கே பேச மாட்டேன். கையுறை இப்போதும் போட்டுக்கொண்டுதான் எண்ணெய் வைக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை தையல் இல்லாத நாளிலும். நீங்கள் அனுப்பியதால் அதுதான் உங்கள் நிபந்தனை என்று எடுத்துக்கொண்டேன்.

அன்புடன்,
தையல்காரி


மார்ச் 15

தங்கச்சிக்கு,

ஆமாம், அப்படித்தான் எழுதியிருக்கிறேன். இரண்டு தடவை படித்துப் பார்க்காதே.

இன்றைக்குத்தான் ஆறாவது பாட்டில் தீர்ந்திருக்க வேண்டிய நாள். மருந்தகத்துக் காலண்டரில் ஆகஸ்டிலேயே வட்டம் போட்டு வைத்திருந்தேன்.

உன் பார்சலைப் பிரித்ததும் முதலில் மூடியைத் திறந்து ஒரு சொட்டு விரலில் தொட்டுப் பார்த்தேன். என் எண்ணெய் விரலில் நிற்கும், இது ஓடியது. மோந்தேன். சமையல் வாசனை. அப்புறம்தான் பட்டையைப் பார்த்தேன். எட்டாவது கோடு வரைக்கும் ஒழுங்காக ஒன்றொன்றாக இறங்கியிருக்கிறது, ஜனவரி 25 வரைக்கும். அதற்குப் பிறகு எல்லாத் தேதியும் அதே எட்டாவது கோட்டுக்கு எதிரேதான். எண்ணினேன், மொத்தம் பதின்மூன்று தேதி. பட்டையில் இடம் போதாமல் கண்ணாடி மேலேயே பேனாவால் எறும்பு வரிசை மாதிரி எழுதிப் பாட்டிலைச் சுற்றி வந்திருக்கிறாள். ஏமாற்றுகிறவள் தேதியை மட்டும் ஒரு நாள்கூட விடவில்லை, பார்த்தாயா? அம்மா எழுதச் சொன்னாளே என்று எழுதியிருக்கிறாள். கழுதை. பொய் சொல்லக்கூடத் தெரியவில்லை.

தனியாகப் போய்த்தான் அழுதேன். அவள் சொன்னது சரி.

உனக்கு நான் சில உண்மைகளைச் சொல்ல வேண்டும். நீ சொன்னாய், நானும் சொல்லிவிடுகிறேன்.

ஐந்து மில்லி போதும் என்று எனக்கு முதலிலிருந்தே தெரியும். அந்த நீள முடிக்கு, அந்த வயதுக்கு, ஐந்தே தாராளம். அவள் என்னோடு இருந்தபோது நான் வைத்ததும் ஐந்துதான். பத்து என்று எழுதியது முடிக்காக இல்லை. அவள் தலையணையில், புத்தகத்தில், உங்கள் சோபாவில், அந்த மனிதர் தோளில் என் வாசனை அடித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று எழுதினேன். நீ ஒவ்வொரு நாளும் அதை மூச்சில் இழுக்க வேண்டும் என்று எழுதினேன். வீடு முழுக்க நான் இருக்கிறேன் என்று நீ எழுதினாயே, நான் அளந்து ஊற்றியதே அதற்குத்தான். பதினோரு வருஷத்தில் தெரிந்தே நான் எழுதிய ஒரே தப்பான அளவு அது. பருக்கள் வந்தது அவள் நெற்றியில்.

கையுறையும் அப்படித்தான். உன் கவுனில் கறை படக்கூடாது என்ற அக்கறையில் அனுப்பினேன் என்றா நினைத்தாய்? உன் கை அவள் தலையில் படக்கூடாது என்று அனுப்பினேன். நடுவில் ஒரு ரப்பராவது இருக்கட்டும் என்று. நீ அதைத் தையல் இல்லாத நாளிலும் போட்டுக்கொள்கிறாய் என்று படித்தபோது எனக்கு வந்த வெட்கம், இதோ இன்னும் போகவில்லை.

குவார்ட்டர்ஸ் கிடைத்துவிட்டது. இரண்டு அறை, சின்ன அறையில் ஜன்னலுக்குக் கீழே மேசை போட இடம் இருக்கிறது. சாவி பத்து நாளாக என் கைப்பையில் இருக்கிறது.

நேற்று அவளுக்குப் போன் செய்து, "குவார்ட்டர்ஸ் இப்போதைக்கு இல்லையாம் கண்ணு, இன்னும் ஒரு வருஷம் ஆகுமாம்" என்றேன். "ஐயோ, பாவம்மா நீ" என்றாள். மனசாரத்தான் சொன்னாள். பிறகு போனை மேசையில் போட்டுவிட்டு ஓடினாள், வைக்க மறந்துவிட்டாள். நானும் வைக்கவில்லை. உங்கள் வீட்டுச் சத்தமெல்லாம் கேட்டது. உன் மெஷின் ஓடி நின்றது. அவள், "ம்மா, குவார்ட்டர்ஸ் இல்லையாம்" என்றாள். அந்தக் குரலை நான் கேட்டேன். அதற்கு மேல் கேட்க முடியாமல் வைத்துவிட்டேன். நீ என்ன பதில் சொன்னாய் என்று எனக்குத் தெரியாது, எழுதவும் வேண்டாம்.

சாவி விஷயம் உனக்கும் எனக்கும் மட்டும். இந்தத் தடவை சத்தியத்தை மீறாதே. போவதா இருப்பதா என்று ஒன்பது வயதுப் பிள்ளை ஸ்டூல் போட்டு ஏறி நின்று யோசிக்க வேண்டாம். கொஞ்சம் பெரியவள் ஆகட்டும். ஜன்னல் மேசை எங்கேயும் போய்விடாது.

என் வயிற்றெரிச்சல் தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. இருக்கிறது. இந்தக் கடிதத்தை எழுதும்போதும் இருக்கிறது. உன் வகிடு நேராக இருப்பதை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

நான் ஏப்ரல் இரண்டாவது வாரம் ஒரு வாரம் லீவு போட்டு வருகிறேன். பக்கத்தில் லாட்ஜில் தங்கிக்கொள்கிறேன். அதுவரை கடையில் ஏதாவது நல்ல எண்ணெயாகப் பார்த்து நீயே வாங்கிக்கொள். எவ்வளவு வைப்பது என்று என்னைக் கேட்காதே, அது உன் கைக்கே தெரிந்திருக்கிறது. காலையில் வேண்டாம், சாயங்காலம் மெஷினை மூடிவிட்டு வை. கையுறையைக் கழற்றிவிட்டு வை. வெறுங்கையால் வைத்தால்தான் அவள் தூங்கிப்போவாள். மூன்றாவது நிமிஷம் தலை உன் முழங்கால் மேல் சாயும், அப்போது அசையாதே.

ஆறாவது பாட்டிலை மட்டும் திறக்காமல் வை. நான் வரும்போது என் கையால் வைக்கிறேன்.

அக்கா